கோடக் ஹூலா ஷோ (1937–2002)

ஹொனலுலுவின் வைகிகியில் அறுபத்தைந்து ஆண்டுகள் நடந்துவந்த ஓர் ஆட்டம் 2002 செப்டம்பரில் நின்றுபோனது. பெயரிலேயே ஃபிலிம் கம்பெனியைச் சுமந்திருந்த கோடக் ஹூலா ஷோவுக்காகப் பண்பாட்டு ஆர்வலர்கள் பலர் வருந்தியிருக்க மாட்டார்கள். நான் வருந்துகிறேன்.

கோடக்கின் ஹவாய்க் கிளையை நடத்திவந்த ஃப்ரிட்ஸ் ஹெர்மன் இதை 1937-இல் தொடங்கினார். கப்பலில் வந்திறங்கிய பயணிகள் பெரும்பாலும் ஹோட்டலில், இரவில்தான் ஹவாயின் மரபு நடனமான ஹூலாவைப் பார்த்தார்கள். அப்போதுதான் கடைக்கு வந்திருந்த கோடாக்ரோம் கலர் ஃபிலிமின் வேகமோ இன்றைய கணக்கில் 10 ஏஎஸ்ஏ அளவுதான். நல்ல வெயில் இல்லாமல் அதில் எதுவும் பதியாது. எனவே ஆட்டம் பகலுக்கு வந்தது. பெஞ்சுகளில் உட்கார்ந்தவர்களின் முதுகில் வெயில், ஆடுகிறவர்களின் முகத்தில் வெளிச்சம். கட்டணம் கிடையாது; ஃபிலிம் விற்றால் போதும். பச்சை இலைப் பாவாடை கட்டிய பெண்கள் ஆளுக்கோர் எழுத்தைப் பிடித்து வரிசையாக நின்று, ஹவாய் என்று பெயர் காட்டுவார்கள். அந்தப் படம் இல்லாத ஹவாய் ஆல்பம் அந்தக் காலத்தில் அபூர்வம்.

ஹூலா கேமராவுக்காகப் பிறந்த கலை அல்ல என்று கண்டித்தவர்கள் சொன்னது உண்மைதான். அதில் பாட்டின் சொல்தான் முதல். கையும் இடுப்பும் அதற்குப் பின்னால் வரும். பழைய முறையில் சுரைக்குடுவை, சுறாத்தோல் போர்த்திய முரசு போன்றவைதான் பக்கவாத்தியம். கிறிஸ்தவம் தழுவிய அரசி கஅஹுமானு 1830-இல் ஹூலாவுக்குத் தடை போட்டார். மன்னர் கலாகௌவா 1883-இல் தம் முடிசூட்டு விழாவில் அதை ஆடவைத்தார். பத்தே ஆண்டில் ஹவாய் அரசு கவிழ்க்கப்பட்டது. 1896-இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்று சட்டம் வந்தது. இந்தக் காயங்களை எழுத்து அட்டை பிடித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஆட்டக்காரிகளை விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர்களைப் பாருங்கள். லூயிஸ் அகேயோ தலைமையிலான ராயல் ஹவாயன் கேர்ள்ஸ் க்ளீ கிளப். பெயரில்தான் கேர்ள்ஸ், வருஷங்கள் போகப் போக அவர்கள் தொப்பியும் பூமாலையும் தொளதொள கவுனுமாகப் பாட்டிமாராகவே ஆகிவிட்டார்கள். உகுலேலே மீட்டி ஹவாய் மொழியில் பாடினார்கள். வகுப்பில் பேசினால் பிள்ளைகளுக்கு அடி வாங்கித் தந்த மொழி அது. அதில் பாடுவதற்குச் சம்பளமும், கேட்பதற்கு ஆயிரக்கணக்கில் கூட்டமும் கிடைத்த இடம் இது. அந்த மொழி ஹவாய் மாநில அரசியல் சாசனத்தில் ஏறியது 1978-இல். அதற்கு நாற்பது ஆண்டுகள் முன்பிருந்தே இவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். போலி மேடை என்று மொத்தமாகத் தள்ளுகிறவர்கள் இந்தப் பெண்களையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

1969-இல் ஆட்டம் கப்பியோலானி பூங்காவின் வைகிகி ஷெல் அரங்கப் பக்கம் இடம்பெயர்ந்தது. 1999-இல் கோடக் கைவிட்டது. ஓர் அறக்கட்டளை மூன்று ஆண்டுகள் தாங்கிப் பிடித்தது. பிறகு அதுவும் முடிந்தது.

ஹூலா சாகவில்லை. ஹிலோ நகரில் ஆண்டுதோறும் நடக்கும் மெர்ரி மோனார்க் விழாவில் 1971 முதல் போட்டியே நடக்கிறது. மரபை உயிராக மதிக்கும் குழுக்கள் அங்கே வருகின்றன. அதற்கு டிக்கெட் கிடைப்பதுதான் பாடு. ஐந்து நாள் விடுமுறையில் வருகிறவருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் லுவாவ் விருந்து: சாப்பாட்டோடு சேர்த்துப் பெரிய தொகை, ஹூலாவோடு தஹீதி ஆட்டமும் சமோவாவின் தீக்கத்தியும் ஒரே தட்டில். வைகிகியின் கூஹியோ கடற்கரையில் மாலையில் இலவசமாக ஆடுகிறார்கள், அது நல்ல காரியம். ஆனால் வயதான பாடகிகள் ஒரு குழுவாகவே பல பத்தாண்டுகள் வேலை பார்த்து, தங்கள் பாட்டை இளையவர்களுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கடத்தும் நிரந்தர மேடை வைகிகியில் அதன்பின் நெடுங்காலம் அமையவில்லை. ஃபிலிம் விற்ற காசில் ஓடிய அந்த ஏற்பாட்டை, ஆண்டுக்கு லட்சக்கணக்கான பயணிகளால் வாழும் ஹோட்டல்கள் ஏற்று நடத்தியிருக்கலாம்.