சாசனங்கள் யாவர்க்கும் உரியன

நம் சபை அன்பர்களுக்கு ஒரு பிழையை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியவனாயிருக்கின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்பத்திரிகையில், நம் முன்னோர் முதலாம் இராசராச சோழனிடம் படைத்தலைவராயிருந்தனர் என்றும், தஞ்சைப் பெரியகோயிற் சாசனம் அதற்குச் சான்று என்றும் எழுதினேன். அது பெரியோர் வாய்க் கேட்ட செய்தி; சாசனத்தை யான் பார்த்திலேன். சென்ற மாதம் நம்மவர் வீட்டுப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கைப்பேசியோடு வந்து, "ஐயா, தொகுதி முழுவதும் இதிலிருக்கிறது, நீங்கள் எழுதியது எந்தச் சாசனத்தில் வருகிறது?" என்றான். விடை கூறமாட்டாது நாணினேன்.

அவன் காட்டியது தென்னிந்தியச் சாசனத் தொகுதிகளுள் இரண்டாவது. 1886இல் சென்னை அரசாங்கத்தார் சாசன ஆராய்ச்சிக்கென அமர்த்திய செர்மானிய அறிஞர் ஹுல்ஷ் தொடங்கிய வரிசை அது. முதற்றொகுதி 1890இல் வெளிவந்தது. கற்சுவரில் ஈரத்தாளை ஒட்டித் தட்டி மையொற்றி எடுத்த படிகள், அலுவலகத்தோடு 1903இல் உதகமண்டலத்திற்கும் 1966இல் மைசூருக்கும் சென்றன. அச்சான தொகுதிகளோ பெரிய நூல்நிலையங்களில் அடைந்து கிடந்தன. தமிழ்ப் பட்டத்திற்குப் பயின்ற நாளில் அவற்றுள் ஒன்றைக் காண மூன்று நாள் அலைந்து, காணாமலே திரும்பினேன். இன்று அத்தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகத்திற் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இரண்டிரவு அச்சிறுவனோடிருந்து படித்தேன். இராசராசனது 29ஆம் ஆட்சியாண்டுச் சாசனமொன்று, பல தளிகளினின்றும் கொணர்ந்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரை, தெருவும் சிறகும் வீட்டெண்ணும் குறித்து, பெயர் பெயராக அடுக்குகின்றது. ஒருத்திக்குப் பங்கு ஒன்று; பங்கிற்கு ஆண்டுக்கு நெல் நூறு கலம். நட்டுவர், மத்தளம் கொட்டுவார், கணக்கர், தையற்காரர், துணி வெளுப்போர், தச்சருள் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் எனத் தொழிலாளர் பலர் வருகின்றனர். வேந்தன் இக்கணக்கைப் பேழையிற் பூட்டாது சுவரிலே வெட்டுவித்தான். அக்காலத்துப் படிக்க வல்லார் எத்துணையர் என்பது வேறு.

அத்தொகுதியிற் படைகளின் பெயர்களும் பல உள. நம் குலப்பெயரை அவற்றுட் கண்டிலேன். ஆதலின் முன்னெழுதியதை மீட்டுக்கொள்கின்றேன். சிலர் வருந்துவர், சபைத்தலைவர் முன்னரே வருந்திவிட்டார். அச்சேறாத படிகள் இன்னும் பல. அவையும் இணையத்தில் வருமாயின், யாதோ ஓரூர்க் கோயிலில் நம்மவர் வைத்த நந்தாவிளக்கொன்று புலப்படலாம், படாமலும் போகலாம். திருப்பணியிற் சுவர் பிரித்த கோயில்கட்கோ அப்படி ஒன்றே எஞ்சிய சான்று.

நம் இல்லங்கள் சிலவற்றிலும் செப்பேடும் ஓலைப்பட்டயமும் உள. நிலவழக்கு எழுமென்றஞ்சிப் பரணில் மறைத்திருப்பாரும் உளர். அவற்றைக் கொடுக்குமாறு வேண்டேன். ஒளிப்படம் எடுக்கவும், அதனை யாவரும் காண இணையத்தில் இடவும் இசைந்தாற் போதும். தைமாதக் கூட்டத்திற்குக் கொணர்க. அம்மாணவனும் யானும் காலையிலேயே மண்டபத்திலிருப்போம்.