விசையிழந்த காரும் வெறும் புட்டியும்

எரிபொறியிலிருந்து வீணே வெளியேறும் புகையைக் கொண்டே ஒரு சுழலியை இயக்கி, அதனால் பொறிக்குள் மிகுதியான காற்றைச் செலுத்தலாம் என்னும் கருத்துக்கு 1905ஆம் ஆண்டிலேயே உரிமம் பெற்றவர் சுவிட்சர்லாந்துப் பொறியியல் அறிஞர் ஆல்பிரட் பியூக்கி. கப்பலும் வானூர்தியும் அம்முறையை முன்னரே ஏற்றன. மக்கள் விலை கொடுத்து வாங்கும் காரில் அது இடம்பெற 1962 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவ்வாண்டில் அமெரிக்க ஓல்ட்ஸ்மொபில் நிறுவனம் ‘ஜெட்ஃபயர்’ காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. மூன்றரை லிட்டர் பொறி; 215 குதிரைத்திறன். ஆனால் அழுத்தம் மிகவே, எரிபொருள் உரிய கணத்துக்கு முன்பே வெடித்துப் பொறியைச் சிதைக்கும் அச்சமும் எழுந்தது. அதனைத் தணிக்க, காய்ச்சி வடித்த நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒரு புட்டியிலிருந்து உள்ளே செலுத்தப்பட்டது. புட்டி வறண்டால்? அங்கேதான் வடிவமைத்தோரின் நுண்ணறிவு விளங்குகிறது. ஓர் அடைப்பிதழ் தானே மூடிக் காற்றழுத்தத்தைக் குறைத்துவிடும். கார் ஓடும்; பொறியும் பிழைக்கும்; முன்னிருந்த விசை மட்டும் இராது.

பெட்ரோல் ஊற்ற மறவாதவர்கள் புட்டியை மறந்தனர். விசை குன்றியதும் சுழலியைக் குறை கூறினர். பழுது தேடவேண்டிய இடம் பொறியன்று, புட்டியே! காவலுக்கு வைத்த அடைப்பிதழ் தன் கடமையைச் செய்தது, அதுவே குற்றமாயிற்று. 1963ஆம் ஆண்டு வண்டிகளோடு உற்பத்தி நின்றது. பின்னர் நிறுவனமே சுழலியைக் கழற்றி, வழக்கமான கார்புரேட்டரைப் பொருத்தித் தர முன்வந்தது. உடையவர் பலர் அதற்கு இசைந்தனர். சுழலியோடு எஞ்சிய ஜெட்ஃபயர் வண்டிகள் இன்று மிக அரியவை.