முத்துப்பாரின் கணக்கு

எந்திரத்தின் சூட்டையும் அதிர்வையும் சென்சார் அளந்து, எங்கோ இருப்பவரின் கணினித் திரைக்கு நொடிக்கு நொடி அனுப்புவதைத் தொழில்துறையின் புதுயுகம் என்கிறார்கள். கண்ணுக்கு எட்டாத இடத்தின் நிலையை அளந்து, அந்த அளவை வைத்துத் தொழிலை நடத்துவதுதான் அதன் சாரம் என்றால், தூத்துக்குடிக் கடலில் அது பழைய சங்கதி. முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடக்குமா நடக்காதா என்பதே அப்படித்தான் முடிவானது. அளக்கும் திறமைக்கு அங்கே குறைவில்லை. ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே கிடந்த மாதங்கள்தான் கணக்கைக் கவிழ்த்தன.

முத்துச்சிப்பி படிந்திருக்கும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். ஆங்கிலேயர் காலத்தில் சலாபத்துக்கு முன்பு அரசு அதிகாரியின் மேற்பார்வையில் ஒவ்வொரு பாரையும் சோதிப்பார்கள். பரதவக் குளியாளோ கீழக்கரை முஸ்லிம் குளியாளோ, கல் கட்டிய கயிற்றில் காலை நுழைத்து எட்டு, பத்துப் பாக ஆழம் இறங்குவார். மூச்சு தாங்குவது ஒரு நிமிடத்தை ஒட்டி. அதற்குள் சிப்பி உயிரோடு இருக்கிறதா, குஞ்சா முற்றியதா, தரை பாறையா மணலா என்று கையாலேயே தடவித் தெரிந்துகொள்ள வேண்டும். கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் தோணியில் இருப்பவர் மேலே தூக்குவார். குளியாள் கொண்டுவந்ததும் சொன்னதும் ஏட்டில் ஏறும். எடுத்த மாதிரிச் சிப்பிகளை அழுகவிட்டு, அலசி, முத்தைப் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இத்தனை ரூபாய் பெறும் என்று மதிப்பிடுவார்கள். அதை நம்பித்தான் வியாபாரிகள் பணத்தோடு வந்தார்கள். பிடித்ததில் மூன்றில் ஒரு பங்கு குளியாட்களுக்கு. மிச்சத்தை அரசு ஏலம் விட்டது. இவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு இருந்தும், 1860-களின் தொடக்கத்துக்குப் பிறகு 1889 வரை தூத்துக்குடியில் சொல்லிக்கொள்ளும்படியான சலாபம் இல்லை.

பழுது எங்கே என்பதை அக்கரையில் நடந்த ஒன்று காட்டுகிறது. இலங்கை அரசின் அழைப்பில் வந்த லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் 1902-இல் மன்னார் வளைகுடாவின் பெரிய பாரைச் சோதித்தார்கள். மார்ச்சில் இளஞ்சிப்பி அடர்ந்து கிடந்தது. நவம்பரில் போய்ப் பார்த்தால் அத்தனையும் காணவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் நீரோட்டம் கொண்டுபோயிருக்கும் என்று ஊகித்தார்கள், ஊகிக்கத்தான் முடிந்தது. முன்பே தெரிந்திருந்தால் மட்டும் கடலை நிறுத்தியிருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியாதுதான். ஆனால் ஆபத்தான பாரிலிருந்து பத்திரமான பாருக்கு இளஞ்சிப்பியைப் பெயர்த்து வைக்கலாம் என்பது ஹெர்ட்மனே சொன்ன யோசனை. பின்னர் அதைச் செய்தும் பார்த்தார்கள். பெயர்ப்பதற்கு நேரம் வேண்டும், அந்த நேரத்தைத் தருவது அடிக்கடி கிடைக்கும் அளவு.

குளியாள் அறிந்ததைக் கருவி அறியுமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மிதவைகள் 1990-களின் பின்பாதி முதல் காற்று, அலை, நீரின் சூடு ஆகியவற்றைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்புகின்றன. நட்சத்திர மீன் சிப்பியைத் தின்றுகொண்டிருப்பதை அவை சொல்லாது. போதாக்குறைக்கு, வெதுவெதுப்பான கடலில் கருவியின் மேல் பாசியும் சிற்றுயிர்களும் அப்பிக்கொண்டு அளவைக் கெடுக்கும். ஆள் போய்ச் சுரண்டித்தான் ஆக வேண்டும். ஆகவே குளியாளின் வேலையைக் கருவி பிடுங்கிக்கொண்டது என்பது மிகை. எதை அளப்பது என்பதில்தான் சூட்சுமம். ஜப்பானின் மிக்கிமோட்டோ நிறுவனம் முத்துச்சிப்பியின் ஓட்டிலேயே சென்சாரைப் பொருத்தியது. ஓடு திறந்து மூடும் விதம் மாறினால், நுண்பாசி பெருகும் செந்நிற அலையோ ஆக்சிஜன் குறைவோ வந்திருக்கிறது என்று கரையில் இருப்பவருக்குத் தெரியும். இப்படியொரு கருவி வருவதற்கு முன்பே, தூத்துக்குடிப் பார்களில் கடைசிச் சலாபம் 1961-இல் முடிந்துவிட்டது. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதே ஊரில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியது. ஓட்டில் சென்சார் வைத்த நூறு சிப்பி 1902-இல் பெரிய பாரில் இருந்திருந்தால், அந்தப் பார் எந்த வாரத்தில் அழிந்தது என்பதையாவது ஹெர்ட்மன் ஊகிக்க வேண்டியிருந்திருக்காது.