துவக்கைத் திருப்பிப் பார்ப்பது: பழைய பிரித்தானிய இரட்டைக்குழல்களின் விலைக் கதை

பிரித்தானிய ஏலக் கொம்பனிகளின் பட்டியல்களை இணையத்தில் மேய்கிறது எங்கட கூட்டத்தில சிலருக்கு ஒரு கெட்ட பழக்கம். வாங்கக் காசில்லை, வாங்குற நோக்கமும் இல்லை. ஒரு பொருளுக்கு ஏன் அந்த விலை எண்டு வாதாடுறதுதான் பொழுதுபோக்கு. அப்பிடித்தான் ஒரு நாள் வேட்டைத் துவக்குப் பக்கத்தில போய் மாட்டுப்பட்டோம். பக்கத்துப் பக்கத்தில இரண்டு இரட்டைக்குழல் துவக்குகள். இரண்டும் 12 போர், இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது, இரண்டிலும் பூவேலைச் செதுக்கல். ஒன்றின் மதிப்பு ஒரு நல்ல கார் வாங்கலாம். மற்றதுக்கு ஒரு சைக்கிள்தான் வரும். படத்தில பார்த்தால் சைக்கிள் விலைத் துவக்குத்தான் கூடப் பளபளப்பு.

துவக்கு எண்ட சொல் எங்கட வீடுகளில குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுற சொல். அது எங்களுக்குத் தெரியும். இது துவக்கைக் கொண்டாடுற கட்டுரை இல்லை. ஒரு பொருளின் வெளியில எழுதியிருக்கிறதுக்கும் உள்ளே இருக்கிறதுக்கும் நடுவில எவ்வளவு தூரம் இருக்கலாம் எண்டதைத்தான் நாங்கள் பார்க்கப் போறம்.

முதலில கண்ணில படுறது பெயர். லண்டன் பெயர்கள் என்றால் பேர்டி, பொஸ், ஹொலண்ட் அன்ட் ஹொலண்ட். ஜேம்ஸ் பேர்டி 1814 இல் கடை திறந்தவர். அதற்கு முன் ஜோசப் மன்ரனிடம் வேலை செய்தவர். இன்றைக்கு பேர்டியிடம் ஒரு புதிய இரட்டைக்குழல் செய்வித்தால் ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் போகும். ஆகவே பழைய துவக்கில் அந்தப் பெயர் இருந்தால் விலை ஏறுவது இயல்பு. அதனாலேயே அந்தப் பெயர்களைத் திருடவும் செய்தார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த மலிவுத் துவக்குகள் பலவற்றில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று செதுக்கியிருக்கும். பேர்மிங்ஹாமின் பெரிய கொம்பனியான வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று வாங்குபவர் மயங்க வேண்டும், அவ்வளவுதான். மன்ரனின் பெயரையும் விட்டுவைக்கவில்லை.

ஆனால் கள்ளப் பெயரை விட சுவாரசியமானது நேர்மையான பெயர். ஒரு சிறு நகரத்துக் கடைக்காரரின் பெயர் குழலின் மேல் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கும். அவர் அந்தத் துவக்கைச் செய்தவர் இல்லை, விற்றவர். செய்தது பேர்மிங்ஹாமில். அங்கே ‘கன் குவாட்டர்’ என்ற சில தெருக்களுக்குள் குழல் செய்பவர், குழல் அராவுபவர், பொறி செய்பவர், கட்டை இழைப்பவர், செதுக்குபவர், மெருகூட்டுபவர் என்று ஆளுக்கொரு சிறு பட்டறை. ஒரு துவக்கு முடிகிறதுக்குள் பல பட்டறைகளுக்குக் கைமாறிப் போகும். கடைசியாக யார் காசு கொடுக்கிறாரோ அவருடைய பெயர் மேலே ஏறும். 1897 இல் ஒன்றான வெப்லி அன்ட் ஸ்கொட் கொம்பனி இப்படி மற்றவர்களின் பெயர்களுக்காகவே ஏராளமாகச் செய்து கொடுத்தது.

இதற்குப் பின்னால ஒரு அரசியலும் இருந்தது. 1813 இல் லண்டன் துவக்குக்காரர் நாடாளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலம் கொண்டு போனார்கள்: செய்தவர் தன் உண்மையான பெயரையும் ஊரையும் குத்தியே ஆக வேண்டும் என்று. கேட்க நியாயமாகத்தானே இருக்கு? பேர்மிங்ஹாம்காரர் பதறிப்போய்க் கூட்டுச் சேர்ந்து அதை எதிர்த்தார்கள். பெயரில்லாமல் செய்து கொடுப்பதுதான் அவர்களின் பிழைப்பு. சட்டமூலம் விழுந்தது. அதே ஆண்டில் பேர்மிங்ஹாமுக்குச் சொந்தமாக ஒரு சோதனைச் சாலையை, அவர்கள் சொல்கிற ‘புரூஃப் ஹவுஸை’, நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தது. செய்தவரின் பெயர் வரவில்லை, சோதித்தவரின் முத்திரை வந்தது.

அனுபவசாலிகள் துவக்கைக் கையில வாங்கினதும் குழலைக் கழற்றித் திருப்புறது இந்த முத்திரைகளுக்காகத்தான். குழலின் பின்பக்க அடியில், பூட்டினால் மறைந்துபோகிற தட்டையான இடத்தில், சின்னச் சின்னக் குத்துகள் இருக்கும். கிரீடத்தின் கீழ் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள் என்றால் பழைய பேர்மிங்ஹாம். கிரீடத்தின் கீழ் ‘ஜி.பி.’ என்றால் லண்டன். அங்கே துவக்குச் செய்வோர் சங்கத்துக்கு அரச பட்டயம் கிடைத்தது 1637 இல். வழமையை விடக் கூடிய மருந்து போட்டு வெடிக்க வைத்து, குழல் வெடிக்காமலும் வீங்காமலும் நின்றால்தான் முத்திரை. 1868 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முத்திரை இல்லாத, அல்லது முத்திரை காலாவதியாகிவிட்ட துவக்கை விற்பது குற்றம். அது இன்றைக்கும் அப்படித்தான்.

இந்தக் குத்துகளை வைத்தே வயதும் சொல்லலாம். ‘குண்டுக்கு அல்ல’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் குத்தியிருந்தால் அது 1875 க்கும் 1887 க்கும் இடைப்பட்டது. முனை ஒடுக்கப்பட்ட குழலுக்குள் ஒற்றைக் குண்டு போடாதே என்ற எச்சரிக்கை. ‘என்.பி.’ என்றால் புதிய புகையில்லா மருந்துக்கும் சோதித்தது. இல்லையென்றால் கரிமருந்துக்கு மட்டும்தான், அதற்குப் பிறகு வந்த தோட்டாவைப் போட்டால் ஆபத்து.

சரி, முத்திரை இருந்தால் போதுமா? போதாது. 12 போர் என்பது ஒரு றாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒன்றின் விட்டம், அதாவது 0.729 அங்குலம். குழலின் பின்வாயிலிருந்து 9 அங்குலம் உள்ளே அளப்பார்கள். ஈரத்தில் கழுவாமல் வைத்த குழலில் துரு அரித்துக் குழி விழும். உரிமையாளர் பட்டறைக்குக் கொண்டு போவார். அவர்கள் உட்புறத்தைத் தேய்த்துக் குழியை மறைத்து, கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவார்கள். தேய்த்ததெல்லாம் இரும்புதானே, அது திரும்பி வராது. உள்விட்டம் பெருக்கும், சுவர் மெலியும். ‘12’ என்று குத்திய பழைய குழல் 0.740 ஐத் தொட்டால் முத்திரை செல்லாது. திரும்பச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், அங்கே வெடித்தால் போச்சு.

இதில ஒரு ஓட்டையும் இருக்கு. சட்டம் உள்விட்டத்தைத்தான் பார்க்கும், சுவரின் தடிப்பைப் பார்க்காது. வெளியில அராவினாலும் சுவர் மெலியும். நெளிவு எடுத்தது, திரும்பக் கறுப்பு ஏற்றுவதற்காக மினுக்கியது எல்லாம் அதில சேரும். ஆகவே முத்திரைப்படி சுத்தமான துவக்கின் குழல் கடதாசி போல மெலிந்திருக்கலாம். 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீற்றர், அதற்குக் கீழே போனால் வியாபாரிகள் பின்வாங்குவார்கள். படத்தில கூடப் பளபளத்த அந்தச் சைக்கிள் விலைத் துவக்கின் இரகசியம் இதுதான். அதன் விவரக் குறிப்பில மிக மெல்லிய சுவர் என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் படத்தைப் பார்த்து ஏமாந்தோம், வரியை வாசிக்கவில்லை.

அளவுகோல் இல்லாத ஒரு சோதனையும் இருக்கு. கழற்றிய குழல்களைக் கொக்கியில் பிடித்துத் தொங்கவிட்டு விரல் மொளியால் தட்டுவது. கோயில் மணி போல நீண்டு ஒலித்தால் நல்லது. ‘தடக்’ என்றால் இரண்டு குழல்களையும் இணைக்கிற ஈயப் பற்று எங்கேயோ விட்டிருக்கிறது. தேங்காய் தட்டிப் பார்க்கிற எங்கட அம்மாக்களுக்கு இது உடனே விளங்கும்.

டமாஸ்கஸ் குழல் பற்றி ஒரு மூடநம்பிக்கையை உடைக்கத்தான் வேணும். இரும்பும் உருக்கும் சேர்ந்த கம்பிகளை முறுக்கி, ஒரு அச்சின் மேல் சுற்றி, சூட்டில் அடித்து ஒட்டுவது அது. மேலே பாம்புத்தோல் போல வரி தெரியும். பெயர்தான் டமாஸ்கஸ், இந்தக் குழல்கள் பெரும்பாலும் பேர்மிங்ஹாமிலும் பெல்ஜியத்தின் லியேஜிலும் செய்தவை. ‘அது வெடிக்கும், சுவரில மாட்டத்தான் சரி’ என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் 1891 இல் பேர்மிங்ஹாம் சோதனைச் சாலை பலவகைக் குழல்களை வெடிக்கும் வரை சோதித்தபோது, நல்ல ஆங்கிலேய முறுக்குக் குழல்கள் உருக்குக் குழல்களுக்குச் சளைக்கவில்லை. பிரச்சினை முறையில் இல்லை. நூறு வருடத் துருவிலும், யார் செய்தது என்பதிலும்தான். நல்ல நிலையில், ‘என்.பி.’ முத்திரையோடு இருக்கிற டமாஸ்கஸுக்கு இன்றைக்குத் தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

பொறி பற்றிச் சுருக்கமாக. வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸில் வேலை செய்த அன்சனும் டீலியும் 1875 இல் பதிவு செய்த ‘பொக்ஸ்லொக்’ எளியது, உறுதியானது. துவக்கை மடித்துத் திறக்கிறபோதே உள்ளேயிருக்கிற குதிரைகள் ஏறிவிடும். பக்கத் தகட்டில் பொறி பூட்டிய ‘சைட்லொக்’ கூட வேலை, கூட விலை. ஒரு சாதாரண பேர்மிங்ஹாம் பொக்ஸ்லொக் இன்றைக்குச் சில நூறு பவுண்தான். பாவிக்கிறதுக்கு அதில குறை ஒண்டும் இல்லை எண்டது எங்கட அபிப்பிராயம். சந்தைக்கு அது தேவையில்லை.

பிறகு சோடி. தங்கத்தில் ‘1’, ‘2’ என்று பதித்த இரட்டைத் துவக்குகள் பிரியாமல் இருந்தால், தனித்தனி விலையைக் கூட்டினால் வருவதை விடக் கூடும். ஒன்றைப் பிரபு சுட, மற்றதை வேலையாள் நிரப்பிக் கொடுப்பான். இரண்டாம் ரிப்பன் பிரபுவுக்கு இரண்டும் போதவில்லை. மூன்று பேர்டிகளும் இரண்டு ஆட்களும் வைத்திருந்தார். 1923 இல் வேட்டை நிலத்திலேயே செத்தவர். தானே வைத்த கணக்கின்படி 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைச் சுட்டவர். சென்னையில் ரிப்பன் மாளிகை யாருடைய பெயரில் நிற்கிறதோ, அந்த வைஸ்ரோயின் மகன்.

இந்தப் பக்கமும் அந்தக் குழல்கள் வந்தன. மேஜர் ரொஜர்ஸ் இலங்கையில் சுட்ட யானைகள் ஏறத்தாழ 1,400 என்கிறார்கள். 1845 இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார், கல்லறை நுவரெலியாவில். சாமுவேல் பேக்கர் அதே நுவரெலியாவில் இருந்து வேட்டையாடிப் புத்தகமும் எழுதினார். ஒரு துவக்கின் பின்னால் இப்படியொரு பெயர் கடிதங்களோடு நிரூபிக்கப்பட்டால் ஏலத்தில் விலை ஏறும். யானைகளின் கணக்கு அங்கே விலையைக் குறைக்காது, கூட்டும்.

ஏறாத பெயர்களும் உண்டு. பேர்டி இன்றைக்கும் செய்கிற சைட்லொக் பொறி, முன்பு அவர்களிடம் வேலை செய்த பிரடரிக் பீஸ்லி 1880 இல் பதிவு செய்து அவர்களுக்கே விற்றது. துவக்கு வெளியில பீஸ்லி என்று சொல்லாது, பேர்டி என்றுதான் சொல்லும். பீஸ்லியின் பெயராவது வரலாற்றில் நிண்டுது. குழலின் அடியில், சோதனை முத்திரைகளுக்குப் பக்கத்தில், பல துவக்குகளில் ஒன்றிரண்டு எழுத்துகள் தனியாகக் குத்தியிருக்கும். அது குழல் செய்தவரின் முதலெழுத்து. ஆராய்ச்சியாளர் சிலவற்றை ஆளோடு பொருத்தியிருக்கிறார்கள். எங்கட அந்தச் சைக்கிள் விலைத் துவக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். கிரீடம் தெரிந்தது, செங்கோல்கள் தெரிந்தன, பக்கத்தில தேய்ந்துபோன இரண்டு எழுத்து. விவரக் குறிப்பில அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.