மூன்று தலைமுறைக்கு ஒரு பேட்டை

பெங்களூரில் கோரமங்கலத்தை அடுத்துள்ளது ஈஜிபுரா என்னும் பேட்டை. பிழைப்பை நாடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே வாழ்கின்றன. பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு அதன் அண்மைக்கால வரலாறு அறியத்தக்கது.

குழந்தையும், உழைப்போரும், முதியோரும் ஒருங்கே வாழத்தக்க பேட்டையை எவ்வாறு அமைப்பது? 1929இல் அமெரிக்க அறிஞர் கிளாரன்ஸ் பெர்ரி இதற்கொரு விடை கூறினார். பள்ளி நடுவே இருத்தல் வேண்டும். பெருஞ்சாலைகள் எல்லையோடு நிற்றல் வேண்டும். கடைகள் நடந்து செல்லும் தொலைவில் அமைதல் வேண்டும் என்றார் அவர். இக்கருத்தை நம் நாட்டில் செயற்படுத்தியவருள் ஒருவர் பெங்களூரில் பணியாற்றியவரே. ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939இல் மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞரானார். 1948இல் புவனேசுவரத்துக்கு அவர் வகுத்த திட்டத்தில், பள்ளியைச் சூழ்ந்த பேட்டைகளே நகரின் உறுப்புகளாயின. பள்ளிச் சிறுவன் அஞ்சாது நடக்கும் தெருவில், கோலூன்றிய பாட்டியும் அஞ்சாது நடப்பாள் அன்றோ?

ஆயினும் வரைபடம் மட்டும் போதாது. மூன்று தலைமுறை வாழ வேண்டுமாயின், வீடு மூன்று தலைமுறைக்கு நிலைத்தல் வேண்டும். ஈஜிபுராவில் எளியோருக்கென மாநகராட்சி எழுப்பிய அடுக்கு வீடுகள் அவ்வாறு நிலைக்கவில்லை. சில கட்டடங்கள் இடிந்து விழுந்தன. மக்கள் அதே இடத்தில் தகரக் கொட்டகைகளில் வாழ்ந்தனர். நிலத்தின் ஒரு பகுதியில் அவர்களுக்கு வீடுகளும், மறு பகுதியில் வணிக வளாகமும் எழுப்ப ஒப்பந்தமாயிற்று. 2013 ஜனவரியில் காவலர் துணையுடன் கொட்டகைகள் அகற்றப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இடம் இழந்தன. அவருள் தமிழர் பலர். முதியோரும் குழந்தைகளும் நடைபாதையில் தங்க நேர்ந்தது. சில குடும்பங்கள் நகர்ப்புறத்தே உள்ள சூலிகுண்டேக்கு அனுப்பப்பட்டன.

அன்று கலைந்தவை கொட்டகைகள் மட்டுமல்ல. தாய் அருகிலுள்ள வீடுகளில் வேலை செய்வாள். பாட்டி பேரனைப் பார்த்துக்கொள்வாள். பேரன் நடந்தே பள்ளி செல்வான். இம்மூன்றும் அண்மையால் இணைந்தவை. குடியிருப்பு தொலைவுக்குச் சென்றால், தாய்க்கு வேலை போகும். பேரனுக்குப் படிப்பு தடைப்படும். பாட்டிக்குத் துணை இல்லாது போகும்.

ஆதலின் நமக்குப் புதிய குடியிருப்பொன்று காட்டப்படும்போது, சுவரின் உறுதியை மட்டும் பார்த்தல் போதாது. பள்ளியும், மருத்துவமனையும், வேலையும் எவ்வளவு தொலைவு? வீட்டுப் பத்திரம் யார் பெயரில்? இவற்றை முன்னதாகவே, அண்டை வீட்டாரோடு கூடி நின்று, எழுத்தில் கேட்டுப் பெறுவோமாக. வேரூன்ற இடமிருந்தாலன்றோ விழுதும் இறங்கும்!