பைத்தியப் பதிவேட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வரை: கஞ்சா அடிமைநிலை நோயாக அறியப்பட்ட வரலாறு

1892ஆம் ஆண்டு பிரிட்டிஷ் இந்தியாவின் மனநோய் விடுதிகளில் புதிதாகச் சேர்க்கப்பட்டவர்கள் 1344 பேர். அவர்களில் 222 பேருக்குச் சித்தம் கலங்கியதற்குக் கஞ்சா, சரஸ் (கஞ்சாப் பிசின்), பாங் (கஞ்சா இலை) ஆகியவையே காரணம் என்று விடுதிப் பதிவேடுகள் சொல்லின. இரண்டாண்டுகள் கழித்து, இந்தியக் கஞ்சாப் போதை ஆணையம் அந்த நோயாளிகளின் வரலாற்றை ஒவ்வொன்றாக மறுவிசாரணை செய்தபோது 222 என்பது 98 ஆகச் சுருங்கியது. அவற்றிலும் கஞ்சா மட்டுமே காரணம் என்று ஏற்கத்தக்கவை 61தான்.

கஞ்சா குறித்த வரலாற்று எழுத்துகளில் இந்த எண்கள் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. கஞ்சாவுக்கு ஆதரவாக வாதிடுவோர் இவற்றை நற்சான்றாகக் காட்டுகிறார்கள். எதிர்ப்போர் ஆணையத்தின் வரி நோக்கத்தைச் சுட்டுகிறார்கள். இரு தரப்பும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு. இந்தக் கணக்கு பைத்தியத்தைப் பற்றியது. அடிமைநிலையைப் பற்றியது அன்று. கஞ்சாப் பழக்கத்தை விட முயன்று தோற்றவர் விடுதிக்கு வந்திருக்க மாட்டார். வீட்டுத் திண்ணையிலோ மடத்து வாசலிலோ சிலும்பியோடு உட்கார்ந்திருப்பார். கஞ்சாவுக்கு ஒருவர் அடிமையாக முடியுமா என்ற எளிய கேள்விக்கு மருத்துவம் ஏறத்தாழ 120 ஆண்டுகள் தடுமாறியதற்குக் காரணம், அந்த மனிதர் இல்லாத இடங்களிலேயே விடையைத் தேடியதுதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆணையம் பிறந்த கதை லண்டனில் தொடங்குகிறது. மதுவிலக்கு இயக்கத்தைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஸ்ப்ராஸ்டன் கெய்ன் 1893இல் காமன்ஸ் அவையில் எழுப்பிய கேள்வியே அதற்கு வித்து. டபிள்யூ. மாக்வொர்த் யங் தலைமையில் எழுவர் குழு அமைந்தது. அதில் மூவர் இந்தியர். மாகாணம் மாகாணமாகச் சென்று 1193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை அளித்தார்கள். அளவான நுகர்வால் உடலுக்கோ மனத்துக்கோ ஒழுக்கத்துக்கோ சொல்லத்தக்க கேடில்லை, மிகையான நுகர்வே கேடு, முழுத்தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்பது பெரும்பான்மை முடிவு. ராஜா சசி சிகரேஸ்வர ராய், லாலா நிஹால் சந்த் ஆகிய இருவரும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தனர்.

விடுதிப் பதிவேடுகளில் கஞ்சா எப்படிக் குவிந்தது என்பதை ஆணையமே துலக்கியது. ஒருவரைத் தெருவில் பிடித்து விடுதிக்கு அனுப்பும் காவலர், அவரைப் பற்றிய விவரச் சீட்டு ஒன்றையும் நிரப்பி அனுப்ப வேண்டும். அதில் ‘காரணம்’ என்றொரு கட்டம். குடும்பத்தார் யாரென்று தெரியாத, வாய் திறந்து பதில் சொல்லாத மனிதரைப் பொறுத்தவரை அந்தக் கட்டத்துக்கு உகந்த விடை கஞ்சாதான். விடுதி மருத்துவர் அதை அப்படியே படியெடுத்தார். ஆண்டு அறிக்கையில் அது புள்ளிவிவரமாயிற்று. அந்தப் புள்ளிவிவரம் லண்டனில் விவாதமாயிற்று. கட்டம் காலியாக இருந்தால் அலுவலகங்களுக்குப் பொறுப்பதில்லை. இது காலனி ஆட்சியோடு முடிந்துபோன வழக்கமும் அன்று.

ஆணையம் சாட்சிகளிடம் கேட்ட வினாப்பட்டியலில் இன்றைய மருத்துவரும் கேட்கக்கூடிய வினா ஒன்று இருந்தது: இந்தப் பழக்கம் எளிதில் படிகிறதா, விடுவது கடினமா, அளவான பழக்கம் மிகையாக வளரும் போக்கு உண்டா? கேள்வி சரியானது. விடை சொன்னவர்களோ பெரும்பாலும் அதிகாரிகள், மருத்துவர்கள், மிஷனரிகள், நிலக்கிழார்கள். விட முயன்றவரிடமே நேரில் கேட்டு, நாள்தோறும் அவர் உடலைக் கவனித்து எழுதும் முறை ஆணையத்திடம் இருக்கவில்லை. பைத்தியமா இல்லையா என்ற பெரிய வழக்கின் இரைச்சலில் அந்த வினா ஒதுங்கிப்போனது.

அடுத்த தேடல் சிறைக்குள் நடந்தது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் நகரில் 1935இல் திறக்கப்பட்ட அரசு நிறுவனம் ஒரே வேளையில் சிறையாகவும் மருத்துவமனையாகவும் இருந்தது. அபின் வகைப் போதைக்கு அடிமையானவர்களை ஆராய்வதே அதன் முதன்மைப் பணி. மார்ஃபினை நிறுத்தியதும் வரும் கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், புல்லரிப்பு, வாந்தி ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு அளக்கும் முறையை கிளிஃப்டன் ஹிம்மல்ஸ்பாக் அங்கே வகுத்தார். அவர் உள்ளிட்ட குழுவினர் 1946இல் வெளியிட்ட ஆய்வில், ஆறு கைதிகள் 39 நாட்கள் விருப்பம்போல் கஞ்சா புகைக்க விடப்பட்டனர். நிறுத்தியபோது மார்ஃபின் நோயாளிக்கு வருவதைப் போன்ற கொந்தளிப்பு எதுவும் தோன்றவில்லை.

தோன்றியிருக்கவும் முடியாது. அபினுக்கென்று வெட்டிய அளவுகோலில் கஞ்சாவை வைத்தால் அது குட்டையாகத்தான் தெரியும். ஆனாலும் அந்த அளவுகோலே உலகத் தரமாயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1964இல் ஒவ்வொரு போதைப்பொருளுக்கும் தனித்தனிச் சார்புநிலை உண்டென்று வகைப்படுத்தும் முறைக்கு மாறியது. அதை விளக்கி மறு ஆண்டு வெளிவந்த கட்டுரை, கஞ்சாவால் மனச்சார்பு ஏற்படலாம், ஆனால் நிறுத்தும்போது அதற்கேயுரிய உடல் அறிகுறித் தொகுதி எதுவும் இல்லை என்றது. மருத்துவ மாணவர்கள் பல தலைமுறைக்கு இதையே படித்தார்கள். ‘கஞ்சா பழக்கம்தான், அடிமைத்தனம் அன்று’ என்று தெருவில் சொல்லப்படும் சமாதானத்துக்கும் பாடநூலின் கூற்றுக்கும் அன்று அதிக தூரம் இல்லை.

இக்கூற்றை முதலில் வலுவாக அசைத்தவர்கள் சான்பிரான்சிஸ்கோவின் ரீஸ் ஜோன்ஸும் நீல் பெனோவிட்ஸும். கஞ்சாவின் முதன்மைப் போதைக்கூறான டெட்ராஹைட்ரோகன்னாபினாலை (சுருக்கமாக டி.எச்.சி.) இஸ்ரேலில் ரஃபேல் மெஷூலமும் யெஹியல் கவோனியும் 1964இல் தனித்துப் பிரித்திருந்தனர். ஆகவே தூய பொருளை அளந்து கொடுக்க முடிந்தது. மருத்துவமனையில் தங்கியிருந்த தன்னார்வலர்களுக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், வாய்வழியாக டி.எச்.சி. கொடுக்கப்பட்டது. 1976இல் வெளியான முடிவுகளின்படி, நாளடைவில் அதே அளவு போதையைத் தரவில்லை. நிறுத்திய சில மணி நேரத்திலேயே எரிச்சலும் அமைதியின்மையும் தலைகாட்டின. தூக்கம் போனது, பசி குன்றியது, வியர்த்தது. சில நாட்களில் எல்லாம் அடங்கியது. அளவு மிக அதிகம், எந்தப் புகைப்பாளரும் இப்படி நுகர்வதில்லை என்ற மறுப்பு உடனே எழுந்தது. நியாயமான மறுப்புதான். ஆய்வுக்கூடத்தில் காணப்பட்டது வீட்டிலும் நிகழ்கிறதா என்று பார்க்க இன்னும் ஆட்கள் வரவில்லை.

அந்த ஆட்கள் சியாட்டில் நகரில் தாமாகவே முன்வந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ராஃப்மன் கஞ்சாவைக் குற்றமாக்குவதை எதிர்த்து வந்தவர். ‘கஞ்சாவை விட முடியாமல் தவிப்போர் உண்டா?’ என்று அறிய 1980களில் பெயர் கேட்காத தொலைபேசி நேர்காணல் ஒன்றை அவர் நடத்தினார். அழைத்தவர்களில் பலர் வேலையும் குடும்பமும் உள்ளவர்கள். ஹெராயினோ மதுவோ அவர்களுக்குச் சிக்கல் இல்லை. போதை மறுவாழ்வு மையங்கள் தங்களுக்கானவை அல்ல என்றே அவர்கள் ஒதுங்கியிருந்தனர். என் பார்வையில், இந்த 120 ஆண்டுக் கதையின் திருப்புமுனை எந்த மூளை ஆய்வும் அன்று, இந்தத் தொலைபேசிதான். 1893இல் சாட்சிக் கூண்டுக்கு வராதவர்கள் முதன்முறையாகத் தம் வாயால் பேசினார்கள்.

அதே காலத்தில் கோட்பாட்டுத் தளமும் மாறிக்கொண்டிருந்தது. கிரிஃபித் எட்வர்ட்ஸும் மில்டன் கிராஸும் 1976இல் மது அடிமைநிலையை ஓர் அறிகுறித் தொகுதியாக விவரித்தனர்: அடக்க முடியாத ஏக்கம், கட்டுப்பாடு நழுவுதல், வாழ்வின் மற்ற எல்லாவற்றையும் பின்தள்ளி அதற்கே முதலிடம், கேடு தெரிந்தும் தொடர்தல். உடல் நடுக்கம் இதில் ஒரு கூறு மட்டுமே. இந்தப் பார்வை பிற போதைகளுக்கும் விரிந்ததும் கஞ்சாவுக்கும் இடம் கிடைத்தது. ரொனால்ட் கெஸ்லர் உள்ளிட்டோருடன் ஜேம்ஸ் ஆண்டனி 1994இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு, கஞ்சாவை ஒருமுறையேனும் நுகர்ந்தவர்களில் சுமார் 9 விழுக்காட்டினர் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமைநிலையை எட்டியதாகக் கணித்தது. புகையிலைக்கு அந்த எண் 32, ஹெராயினுக்கு 23, மதுவுக்கு 15. பெரும்பாலோர் அடிமையாவதில்லை, சிலர் நிச்சயமாக ஆகிறார்கள் என்ற இந்த இரட்டை உண்மை அச்சுறுத்தும் பிரசாரத்துக்கும் ஒத்துவரவில்லை, கஞ்சா தீங்கற்றது என்ற வாதத்துக்கும் ஒத்துவரவில்லை.

மூளையில் கஞ்சா சென்று பற்றும் ஏற்பியை 1988இல் ஆலின் ஹவ்லெட்டும் வில்லியம் டிவேனும் உறுதிசெய்தனர். அந்த ஏற்பியை அடைக்கும் மருந்து 1994இல் வந்தது. டி.எச்.சி.க்குப் பழக்கப்பட்ட எலிகளுக்கு அதைக் கொடுத்ததும் விலகல் அறிகுறிகள், அதாவது போதையை நிறுத்தும்போது வரும் அவதிகள், உடனே வெளிப்பட்டன. மனிதரில் இவை மங்கலாகத் தெரிந்ததன் காரணமும் விளங்கியது: டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கி, மெல்ல மெல்ல வெளியேறுகிறது. அபின் போல ஒரேயடியாக அற்றுப்போவதில்லை.

இவ்வளவுக்குப் பின்னும் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994இல் வெளியிட்ட நோய் வகைப்பாட்டுக் கையேடு கஞ்சா விலகலைத் தனி நோயாக ஏற்கவில்லை. ஆய்வாளர் ஆலன் பட்னியும் உடன் பணியாற்றியோரும் கஞ்சாவை விட்டவர்களை அவர்கள் வீட்டிலேயே நாள்தோறும் பின்தொடர்ந்து அறிகுறிகளைப் பட்டியலிட்டனர். முதல் மூன்று நாட்களுக்குள் தொடக்கம், முதல் வாரத்தில் உச்சம், இரண்டு வாரமளவில் தணிவு. தூக்கக் கோளாறும் விபரீதக் கனவுகளும் சிலருக்கு இன்னும் நீளும். புகையிலையை விடுபவர் படும் அவதிக்கு இது ஏறக்குறைய நிகர் என்று ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. 2013இல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு கஞ்சா விலகலை ஏற்றது. நெடுநாள் மிகையாக நுகர்ந்தவர் நிறுத்திய ஒரு வாரத்துக்குள் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, அமைதியின்மை, மனச்சோர்வு, உடல் உபாதை ஆகிய ஏழில் மூன்று இருந்தால் போதும் என்பது அதன் வரையறை. ‘கஞ்சா இல்லாவிட்டால் அவன் கடுகடுவென்று இருக்கிறான்’ என்று தாய்மார் காலங்காலமாகச் சொல்லி வந்தது இது.

சிகிச்சையின் வரலாறு இதைவிடக் குறுகியது. ராஃப்மனும் ராபர்ட் ஸ்டீபன்ஸும் 212 பேரைக் கொண்டு 1994இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வே இத்துறையின் முன்னோடி. மீண்டும் வழுக்கும் தருணங்களை முன்கூட்டி அறிந்து சமாளிக்கக் கற்பிக்கும் முறையும், குழுவாகக் கூடிப் பேசும் ஆதரவு முறையும் அதில் ஏறத்தாழச் சமமாகவே பயன் தந்தன. மூன்று நகரங்களில் 450 பேரோடு நடந்து 2004இல் வெளியான ஆய்வு மேலும் தெளிவு தந்தது. ஒன்பது அமர்வு பெற்றவர்களில் நான்காம் மாதத்தில் கஞ்சாவைத் தொடாதிருந்தோர் சுமார் 23 விழுக்காடு. இரண்டு அமர்வு பெற்றவர்களில் 9. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 4. சிறுநீர்ச் சோதனையில் தடயம் இல்லாவிட்டால் பரிசுச்சீட்டு தரும் முறையும் வேறு ஆய்வுகளில் இத்தகைய அமர்வுகளோடு சேர்க்கப்பட்டது. பழைய கஞ்சாவின் தடயமே சிறுநீரில் வாரக்கணக்கில் தங்கும் என்பதால் அந்தப் பரிசைச் சற்றுத் தள்ளியே தொடங்க வேண்டியிருந்தது.

மருந்தைப் பொறுத்தவரை வரலாறு பெரும்பாலும் ஏமாற்றங்களால் ஆனது. ஏற்பியை அடைக்கும் ரிமோனபன்ட் உடல் பருமனுக்காக 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்து, மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் தூண்டியதால் சில ஆண்டுகளிலேயே விலக்கப்பட்டது. பதின்பருவத்தினரிடம் 2012இல் நம்பிக்கையூட்டிய அசிடைல்சிஸ்டீன், 2017இல் பெரியவர்களிடம் பயன் காட்டவில்லை. ஆஸ்திரேலியாவில் 128 பேரிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், கஞ்சாச் சாறிலிருந்தே செய்த நபிக்ஸிமால்ஸ் என்ற வாய்த்தெளிப்பு, ஆலோசனையோடு சேர்ந்து நுகர்வு நாட்களைக் குறைத்தது, முழுமையாக விடுவிக்கவில்லை. கஞ்சா அடிமைநிலைக்கென்று ஒப்புதல் பெற்ற மருந்து இன்றளவும் இல்லை. பேச்சுவழிச் சிகிச்சையே நம் கையிலுள்ள முதன்மைக் கருவி.

கஞ்சாவைப் பைத்தியத்தோடு இணைத்த அன்றைய விடுதி மருத்துவர்கள் முழுக்கத் தவறிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. சுவீடனில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைத் தொடர்ந்து 1987இல் வெளியான ஆய்வு, மிகையாக நுகர்ந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் ஆறு மடங்கு கூடுதலாக இருந்ததைக் கண்டது. கஞ்சாவின் வீரியமும் மாறிவிட்டது: அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. அளவு 1995இல் சுமார் 4 விழுக்காடாக இருந்து 2014இல் 12ஐ எட்டியது. 1894இன் சிலும்பியை வைத்து இன்றைய பொட்டலத்துக்குச் சான்றிதழ் கொடுப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவுக்குத் திரும்பினால், 1985இன் போதைப்பொருள் சட்டம் பாங் இலையை விட்டுவிட்டுக் கஞ்சாவையும் சரஸையும் தடை செய்தது. மத்திய அரசுக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பு, ஓராண்டில் ஏறத்தாழ 3.1 கோடிப் பேர் இவ்வகைப் போதைகளை நுகர்ந்ததாகவும், அவர்களில் சுமார் 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்படுவதாகவும் கூறியது. ஆணையம் 1344 விடுதிவாசிகளிடையே தேடிய நாட்டில் உண்மையான எண் இது. சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ நுகர்ந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகச் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்க அதே சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் தருகிறது. காவல் நிலையத்துக்கு மகனை அழைக்க ஓடும் பெற்றோர் இந்தப் பிரிவை வழக்கறிஞரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.