‘பரையா’: ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருள் வரலாறு

தமிழிலிருந்து ஆங்கிலம் ஏற்ற சொற்களைப் பட்டியலிடுவோர் கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் ஆகியவற்றைப் பெருமிதத்துடன் எடுத்துரைப்பர். ‘பரையா’ என்னும் சொல்லை அவ்வாறு சுட்டுவதில்லை. ‘சமூகத்தால் விலக்கப்பட்டவர்’ என்னும் பொருளில் இன்றும் ஆங்கிலத்தில் பரவலாக வழங்கும் இச்சொல், பறையர் என்னும் குடிப்பெயரின் திரிபாகும். ஒரு மக்களின் பெயர் இழிசொல்லாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக ஆராய்கிறது.

புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் பறையனையும் சிறப்புக்குரிய குடியாகவே எண்ணுகிறார். அங்கு இழிவுக் குறிப்பு இல்லை. முதல் இராசராசனின் (985–1014) தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. சோழர் காலத்தில் தீண்டாமை நிலவியது என்பதற்கும், அக்கல்வெட்டு வழக்கில் இவ்விரு பெயர்களும் ஒருபொருள் குறித்தனவல்ல என்பதற்கும் இதுவே சான்றாகும்.

ஐரோப்பியருள் போர்த்துக்கீசியரான துவார்த்தே பர்போசா 1516ஆம் ஆண்டளவில் மலபார்க் கரையைப் பற்றி எழுதிய குறிப்பில் இப்பெயரைப் பதிவு செய்தார். ஆங்கிலத்தில் 1613இல் வெளிவந்த சாமுவேல் பர்ச்சாசின் நூலில் இது இடம்பெற்றது. அப்போது இது ஒரு குறிப்பிட்ட மக்களின் பெயர் மட்டுமே. பொருள் விரிவுக்குப் பிரெஞ்சு இலக்கியம் பெரிதும் துணைசெய்தது. பெர்னார்தன் தெ சேன்-பியேர் 1791இல் எழுதிய ‘இந்தியக் குடிசை’ என்னும் கதையில், உண்மையைத் தேடிவரும் ஆங்கில அறிஞர் அதனைப் பறையர் ஒருவரின் குடிசையிலேயே காண்கிறார். 1821இல் கசிமீர் தெலவீஞ் இப்பெயரையே தலைப்பாக்கி நாடகம் இயற்றினார். பரிவுடன் எழுதப்பட்ட இவையே, இப்பெயரை விலக்கப்பட்டோர் அனைவருக்கும் பொதுப்பெயராக்க வழிகோலின என்பது கருதத்தக்கது. பின்னர் மாக்ஸ் வேபரும் அன்னா ஆரெண்டும் யூதர் நிலையை விளக்க இதனை ஒரு சமூகவியல் கலைச்சொல்லாகவே கையாண்டனர்.

இப்பொருள் பிழையானது என்பதை ஆங்கிலேயரே உணர்ந்திருந்தனர். 1886இல் வெளிவந்த ‘ஆப்சன்-சாப்சன்’ அகராதி, பறையர் சாதிக்குப் புறம்பானவர் அல்லர் என்று தெளிவுறுத்துகிறது. வள்ளுவரைக் குருமாராகக் கொண்டு தமக்கெனச் சடங்குமுறைகளையும் உடைய ஒரு சமூகத்தைச் சமூகத்திற்கு அப்பாற்பட்டதாகச் சித்திரித்ததே இச்சொல்லாட்சியின் அடிப்படைப் பிழை.

இப்பெயருக்குரியோர் வாளாவிருக்கவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ என்றே தம் இதழுக்குப் பெயரிட்டு, இழிவை எதிர்ப்புக் குரலாக மாற்றினார். அயோத்திதாசர் இப்பெயரை மறுத்துப் பூர்வ பௌத்தர் என்னும் அடையாளத்தை முன்வைத்தார். எம். சி. ராஜா 1922இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்னும் பெயர் இடம்பெற வழிவகுத்தது. வழிகள் வேறுபட்டன, பெயரிடும் உரிமை தமக்கே உரியது என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர்.

பன்னாட்டு அரசியலில் தனிமைப்படுத்தப்பட்ட நாடுகளையும் ஆங்கில இதழ்கள் இப்பெயராலேயே சுட்டுகின்றன. அவற்றைத் தமிழாக்குவோர் ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என எழுதுதலே தகும். ஆங்கில–தமிழ் அகராதிகளும் பொருளோடு நில்லாது, இது ஒரு மக்களின் பெயரிலிருந்து பிறந்த பிழைவழக்கு என்னும் குறிப்பையும் தருதல் வேண்டும். சொல் நம்மிடமிருந்து சென்றதாதலின், அதன் வரலாற்றை உலகிற்கு உரைக்கும் கடப்பாடும் தமிழாய்வாளர்க்கே முதற்கண் உரியது.